நடுகல்லுக்கு அப்பால்

வீரன் ஒருவன் மறைந்தால் அவன் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்து நட்டு வழிபடுதல் பழந்தமிழர் மரபு. தொல்காப்பியம் அம்மரபை ஆறு நிலைகளாக வகுத்துக் காட்டுகின்றது. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் அது முடிகின்றது. வாழ்த்திய பின் ஊரார் தத்தம் வீடு திரும்புவர். அதற்குப் பின்னும் அவ்வீரனின் நினைவோடு வாழ வேண்டியவள் ஒருத்தி உண்டு. அவள் அவன் மனைவி.

அவளுக்கு நம் பழைய இலக்கியம் வகுத்த வழிகள் எவை? பூதப்பாண்டியன் மறைந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை வாழ்வின் துயரை விடத் தீயே மேல் எனத் துணிந்து ஈமத்தீயில் புகுந்தாள் எனப் புறநானூறு கூறுகின்றது. தீப்புகாதார்க்கு வாய்த்தது தாபத நிலை. அணி துறந்து, உணவு குறைத்து, உயிரை மட்டும் சுமந்திருத்தல் அது. ஒன்று அழிவு, மற்றொன்று ஒடுக்கம். இரண்டிலும் மறைந்தவனின் பணி தொடர்வதற்கு இடமில்லை. அவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை மெய்ப்பித்துக் காட்டிய மூதாட்டி ஒருவரைப் பற்றி நம் மாணவர்கள் அறிதல் வேண்டும் என்பது நம் கருத்து. அவர் அமெரிக்க நாட்டினர். பெயர் ரேச்சல் ராபின்சன்.

அவர்தம் கணவர் ஜாக்கி ராபின்சன், பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் புகழ் பெற்றவர். நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு எத்தகைய இடம் உண்டோ, அத்தகைய இடம் அந்நாட்டில் அவ்வாட்டத்திற்கு உண்டு. எனினும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அதன் உயர்நிலைப் போட்டிகளில் கறுப்பினத்தார் எவர்க்கும் இடமளிக்கப்படவில்லை. எழுதப்படாத அத்தடையை 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி ராபின்சன் உடைத்தார். அவரைத் தேர்ந்தெடுத்த பிராஞ்ச் ரிக்கி என்பவர் ஒரு கடினமான நெறியை அவர்மீது விதித்திருந்தார். எவர் ஏசினும் எதிர்த்துப் பேசலாகாது. எவர் தாக்கினும் திருப்பித் தாக்கலாகாது என்பதே அந்நெறி. ஒருவர் பொறுமை இழந்தால் ஓரினத்திற்கே கதவு அடைபட்டுவிடும் என்னும் நிலை. அந்நிலையில் ஆடி, அவ்வாண்டிலேயே சிறந்த புதுமுக வீரர் எனவும், 1949-இல் தம் பிரிவின் மிகச் சிறந்த வீரர் எனவும் தெரிவு செய்யப்பெற்றார்.

இவ்வரலாற்றை உலகம் அறியும். அவ்வளவு வசையையும் தாங்கியவர் ஒருவரல்லர், இருவர் என்பதை அனைவரும் அறிவதில்லை. 1922-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்த ரேச்சல், 1945-இல் செவிலியர் கல்வியில் பட்டம் பெற்று, 1946 பிப்ரவரியில் ராபின்சனை மணந்தார். மணமான சில நாட்களிலேயே இருவரும் அணியின் பயிற்சி முகாமுக்காக புளோரிடா மாநிலம் நோக்கிப் புறப்பட்டனர். வழியில் நியூ ஆர்லியன்ஸிலும் பென்சகோலாவிலும் அவர்கள் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டனர். எஞ்சிய பயணத்தைப் பேருந்தின் பின் இருக்கைகளில் அமர்ந்து முடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, கைக்குழந்தையோடு ஆடுகளத்தின் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, கணவர்மீது பொழியப்பட்ட இழிசொற்களை அவரும் கேட்டார். களத்தில் இருந்தவர்க்கேனும் மட்டையும் பந்தும் இருந்தன. வரிசையில் இருந்தவர்க்குப் பொறுமை ஒன்றே துணை.

இங்கு நாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. ரேச்சல் தம்மை இன்னாரின் மனைவி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டவர் அல்லர். மூன்று மக்களைப் பெற்று வளர்த்த பின் மீண்டும் கல்லூரி புகுந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவும், கனெக்டிகட் மனநல மையத்தின் செவிலியப் பிரிவுக்குத் தலைவராகவும் விளங்கினார். கணவரின் புகழ் வீட்டு வாயிலில் நின்றபோதும், தமக்கெனக் கல்வியும் தொழிலும் தேடிக்கொண்டார்.

அக்கல்வியின் பயன் இடர் வந்தபோது விளங்கிற்று. 1971-இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1972 அக்டோபர் 24 அன்று, நீரிழிவாலும் இதய நோயாலும் நலிந்திருந்த கணவரும் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். பதினாறு மாதங்களில் இரு இழப்புகள். அப்போது ரேச்சலுக்கு வயது ஐம்பது. துயரில் ஒடுங்கியிருப்பினும் குறை கூறுவார் எவரும் இரார். அவரோ தம் பேராசிரியப் பணியை விட்டு விலகி, குறைந்த வருவாயினர்க்கு வீடு கட்டித் தருவதற்காகக் கணவர் தொடங்கியிருந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். 1973-இல் ஜாக்கி ராபின்சன் அறக்கட்டளையை நிறுவினார்.

அவ்வறக்கட்டளையின் இயல்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விளையாட்டு வீரர் ஒருவரின் பெயரால் அமைந்ததாயினும், அது வீரர்களை உருவாக்கும் பயிற்சிக் கூடம் அன்று. வறிய சிறுபான்மைக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகை வழங்குவதே அதன் முதற்பணி. பணம் கொடுத்து அனுப்பிவிடுவதோடு அது நிற்பதில்லை. மாணவரை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டுகின்றது. மூத்தோரின் வழிகாட்டலைத் தருகின்றது. தாம் பெற்றதற்கு ஈடாகச் சமூகத் தொண்டு ஆற்றவும் பணிக்கின்றது. இதுகாறும் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர் அதனால் பயன் பெற்றுள்ளனர். கணவர் மட்டையால் திறந்த கதவு மீண்டும் மூடிக்கொள்ளாதபடி, புத்தகத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தினார் அவ்வம்மையார் எனலாம்.

புறச் சிறப்புகளும் பின்தொடர்ந்தன. முதல் ஆட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1997 ஏப்ரல் 15 அன்று, ராபின்சன் அணிந்த 42 என்னும் எண்ணைப் புதிய வீரர் எவரும் இனி அணிவதில்லை என உயர்நிலை அணிகள் அனைத்தின் சார்பிலும் அறிவிக்கப்பட்டது. 2009 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் மட்டும் எல்லா வீரரும் அவ்வெண்ணையே அணிகின்றனர். 2022-இல் நியூயார்க்கில் ஜாக்கி ராபின்சன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, நூறு வயது நிறைந்த ரேச்சல் நாடா வெட்டினார். கணவரோடு வாழ்ந்த ஆண்டுகள் இருபத்தாறு; அவர் மறைந்த பின் அவர் பணிக்கென உழைத்த ஆண்டுகளோ அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

ஒருத்தி தன் வாழ்வு முழுதையும் கணவன் புகழுக்கே ஈடு வைப்பது முறையா எனச் சிலர் வினவக்கூடும். நம் மாணவியரே அவ்வினாவை எழுப்பினால் நாம் மகிழ்வோம், வினா நியாயமானது. ஆயினும் ரேச்சல் காத்தது கணவரின் புகழை மட்டும் அன்று. சமநீதி என்னும் கொள்கை அவ்விருவர்க்கும் உரியது. அதற்காக இருவரும் சேர்ந்தே துன்புற்றனர். அக்கொள்கையின் எஞ்சிய பாதியை அவர் நிறைவேற்றினார். அன்றியும் அவ்வழியை அவரே தேர்ந்துகொண்டார். வேறு வழியின்றி ஏற்பது ஒடுக்கம். வேறு வழிகளும் திறந்திருக்க ஏற்பதே தொண்டு. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது அவர் பெற்றிருந்த கல்வி.

இனி நம் நாட்டை நோக்குவோம். விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் முதற்பதக்கம் பெற்றுத் தந்தவர் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ். ஹெல்சிங்கியில் 1952-இல் வெண்கலம் வென்ற அவர் 1984-இல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வழங்கப்பட்டது. 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வெல்லப் பயிற்சி அளித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவர் பயிற்றுவித்த அணியே. 1963-இல் புற்றுநோயால் மறைந்த அவரை இன்றைய தலைமுறை பரவலாக அறிந்துகொண்டது, 2024-இல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் வாயிலாக அன்றோ? இடையில் அறுபத்தோர் ஆண்டுகள் கழிந்தன. இவர்தம் குடும்பத்தார் நினைவைப் போற்றவில்லை என நாம் கூறவில்லை. வீட்டார் போற்றிய நினைவைத் தாங்கி நிற்க ஒரு நிறுவனத்தை நாம் எழுப்பவில்லை என்பதே குறை. நினைவு வீட்டளவில் இருந்தால் ஒரு தலைமுறை வாழும்; நிறுவனமாக மாறினால் பல தலைமுறை வாழும்.

நம் பேகம்பூரே ஒரு பெண்மணியின் நினைவால் பெயர் பெற்ற ஊர். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் அடக்கமாகியிருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். நாள்தோறும் அப்பெயரை உச்சரிக்கும் நம்முள், அவ்வம்மையாரைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பெயர் நிலைத்தது, வாழ்வு நழுவியது. பெயரை மட்டும் காப்பது நினைவைக் காப்பது ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் நாம் முன்வைப்பவை இரண்டு. நம் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், கல்லூரி அணிகளிலும் மாவட்ட அணிகளிலும் ஆடி மறைந்தோர் பலர் உளர். அவர்தம் சான்றிதழ்களையும் மங்கிய குழுப்படங்களையும் டிரங்குப் பெட்டியின் அடியில் துணி சுற்றிப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் அவர்தம் துணைவியரே. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறைதோறும் அவ்வில்லங்களுக்குச் சென்று, அம்மூதாட்டியர் கூறுவனவற்றை அவர்தம் மொழியிலேயே எழுதி வருதல் வேண்டும். வீரரைப் பற்றிக் கேட்பதோடு நில்லாது, அம்மூதாட்டியரின் சொந்த வாழ்வையும் கேட்டெழுதுதல் வேண்டும். இஃது ஒன்று. மறைந்த வீரர் ஒருவர்க்கு மலரஞ்சலிக் கூட்டமும் சுழற்கோப்பையும் ஏற்பாடு செய்யும் பெரியோர், அதே பொருளில் ஒரு பங்கை ஏழை மாணவி ஒருத்தியின் கல்விக் கட்டணமாக அவர் பெயரால் ஆண்டுதோறும் வழங்குதல் வேண்டும். இஃது இரண்டாவது. கோப்பை கண்ணாடிப் பேழையில் நிற்கும். கற்ற பெண்ணோ ஒரு குடும்பத்தையே நடத்திச் செல்வாள்.

கல் நடுவதோடு கடமை முடிந்தது என எண்ணிய காலம் கடந்துவிட்டது. நட்ட கல் மழையில் தேயும். பொறித்த எழுத்து மறையும். ஒருவர் பெயரால் கற்றுயர்ந்த மாணவர், மற்றொரு மாணவரைக் கைதூக்கிவிடும் காலம் வரை அப்பெயர் மறைவதில்லை. நூறு வயது கண்ட அம்மூதாட்டியின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுவே.