கடல் தாண்டாத ஓ.டி.பி.

"வெளிநாட்டில் நாலு நாள் போன் இல்லாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்?" பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்க வருகிற நம் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான். ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கம் ஒரு வாரம் தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கிறார்கள் என்பதுதான் என் வாதம். போனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நமக்கு ஆசையா என்ன? வங்கியும் அரசாங்கங்களும் போன் கம்பெனியும் சேர்ந்து நம்மை அதோடு கட்டிப்போட்டிருக்கின்றன.

சென்ற வருஷம் கோலாலம்பூரில் ஒரு சிறிய தமிழ் ஆய்வரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தேன். 2023 டிசம்பர் முதல் மலேசியா போக நமக்கு விசா வேண்டாம். நல்ல காரியம். ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் விமானத்திலேயே ஒரு காகித அட்டையைக் கையில் தருவார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா கடன் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு நம் பாட்டுக்குப் போய்விடலாம். இப்போது திருச்சி விமான நிலையத்தில் ஒரு அம்மா, பேரனுக்குப் போன் போட்டு, "ஏல, அந்த அட்டையப் போட்டியா இல்லையா?" என்று பதறிக்கொண்டிருந்தார்.

அரங்கிலும் அதே கதை. நிகழ்ச்சி நிரல் கிடையாது; சுவரில் ஒட்டிய கட்டத்தைப் போனில் படம் பிடித்தால்தான் எந்த அறையில் யார் பேசுகிறார் என்று தெரியும். இதே கோலாலம்பூரில்தான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதை நடத்திக் காட்டிய தனிநாயகம் அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர் என்றாலும் நமக்கு அந்நியரில்லை. 1940களின் தொடக்கத்தில் நம் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் அவர் தமிழை ஆழமாகப் படிக்கத் தொடங்கினார். பல நாட்டு அறிஞர்களைக் கடிதத்திலும் தந்தியிலும் கூட்டிச் சேர்த்த மனிதர். அந்தக் காலத்துக்கே திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. நூறு பேர் வருகிற அரங்கில் இரண்டு பக்க நிரலை அச்சடிக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரிய விஷயம் இனிமேல்தான்.

இரண்டாம் நாள் காலை கல்லிடைக்குறிச்சியில் என் அக்காவுக்கு மூச்சுத்திணறல். திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். முன்பணம் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும். என் கணக்கில் பணம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, போனில் நம்மூர் சிம் இருக்கிறது. கிளம்பும் முன்பே ரோமிங் பேக்கும் போட்டாயிற்று. நெட்பேங்கிங்கில் எல்லாவற்றையும் நிரப்பி ஓ.டி.பி.க்குக் காத்திருக்கிறேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். ஒரு நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் கடல் தாண்டி வந்தது. வங்கி அனுப்பிய ஆறு எண்கள் வரவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு "பாதுகாப்புக் கருதி" கணக்கைப் பூட்டிவிட்டார்கள். உதவி மையத்து எண்ணைப் பிடித்தால் அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார்: "உங்க ஹோம் பிராஞ்சுக்கு நேர்ல வாங்க சார்." நான் கோலாலம்பூரில் இருக்கிறேன் அம்மா என்றேன். "அப்ப பதிவு பண்ணின எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்புறேன், அதைச் சொல்லுங்க" என்றார்.

பணத்தைக் கட்டியது எதிர்வீட்டுப் பையன். அக்கா நலமாக இருக்கிறாள். ஆனால் எதிர்வீட்டில் பையன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஓ.டி.பி.யைப் பிடுங்கி முதியவர்களின் சேமிப்பைத் துடைத்தெடுக்கிற கூட்டம் நம்மூர் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஒரே சாவி, அதுவும் ஊருக்குள் மட்டும் திறக்கிற சாவி, பாதுகாப்பாகாது. மாற்று வழிக்கு இடமில்லாமலும் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் தங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு அந்தந்த நாட்டு எண்ணிலேயே யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி செய்தார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகளோடு தொடங்கியது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு தொடர வேண்டும், ஆனால் எஸ்.எம்.எஸ். மட்டுமே வழி என்றில்லை என்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். ஆக, கதவைத் திறக்கலாம் என்று மேலிடமே சொல்லிவிட்டது. பத்து நாள் பயணம் போகிற ஓய்வூதியக்காரனுக்காகத் தாழ்ப்பாளை நீக்க வேண்டியது வங்கிகள்தான்.

ரோமிங் கட்டணத்துக்கு வருகிறேன். "வேறு நாட்டுக் கோபுரம், காசு ஆகத்தானே செய்யும்" என்று கடைக்காரர் சொன்னார். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் போனில் "கேரளாவுக்கு நல்வரவு" என்று வரும், நினைவிருக்கிறதா? அந்த நிமிடத்திலிருந்து நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்டினோம். அப்போதும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். இன்று அது போன இடம் தெரியவில்லை. கம்பெனிகள் ஒன்றும் அதனால் திவாலாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஒரு வரம்புக்குள், எந்த உறுப்பு நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊர்க் கட்டணம்தான். இங்கேயோ வெளிநாடு என்றாலே தனி விலைப்பட்டியல். அதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். டேட்டா இத்தனை, நிமிடம் இத்தனை என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, "வங்கிச் செய்தி வந்துசேரும்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

போகப்போகிற அன்பர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். 2020க்குப் பிறகு கொடுத்த கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. கிளம்பும் முன் நாமே திறந்துவைக்க வேண்டும். வீட்டில் ஒருவரைக் கணக்கில் கூட்டாகச் சேர்த்துவிடுங்கள். கொஞ்சம் ரிங்கிட்டோ டாலரோ கையில் இருக்கட்டும். இவ்வளவையும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு "டிஜிட்டல் சேவை" என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்தத் துணிச்சலைச் சொல்ல வேண்டும்.

வங்கித் தலைமைக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அந்தக் கெடு வருகிற 19ஆம் தேதி முடிகிறது. அவருக்குக் காகிதத்திலும் எழுதலாம். நான் காகிதத்தில்தான் எழுதப் போகிறேன்.