குத்து போயிற்று, எண் நின்றது

பிரேசிலிய ஜியு-ஜிட்சுப் போட்டிகளின் காணொளிகளைச் சில ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வருகிறேன். பாயில் இறங்கிப் பழகியவனல்லன், வெறும் பார்வையாளன். அவற்றில் என்னை உறுத்தும் காட்சி ஒன்றுண்டு. நடுவர் கையசைத்ததும் வீரர் இருவரும் ஒரே நொடியில் தரையில் அமர்ந்துவிடுகிறார்கள். மேலே நிற்க எவருக்கும் விருப்பமில்லை. தெருவில் அடிக்க வருபவன் முன்னால் இப்படி அமர இயலுமா?

இக்கலையின் கதை தெரிந்தவர்க்கு உறுத்தல் இன்னும் கூடும். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்கு வந்தார். பின்னர் பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்பித்தார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடலினர். வலியவனின் அடிக்கு அகப்படாமல் நெருங்கிக் கட்டிப்பிடித்து, தரைக்கு இழுத்து, அவன் களைக்கும்வரை பொறுத்திருந்து வெல்வதே அவர் வழி. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூவரை வென்றபோது உலகம் கண்டது இதைத்தான்.

பிறகு விளையாட்டு வளர்ந்தது. 1996இல் உலகப் போட்டி தொடங்கியது. எதிராளியை வீழ்த்தினால் 2 புள்ளி, அவன் கால்களின் காவலைக் கடந்தால் 3, மார்மேல் ஏறி அமர்ந்தால் 4. ஏன் 4? மேலிருப்பவன் முகத்தில் குத்தலாம், கீழிருப்பவனின் குத்தில் வலுவிராது, அதனால்தான். ஆனால் குத்துவதற்கோ விதியில் இடமில்லை. குத்து போய்விட்டது, குத்தை எண்ணி இட்ட எண் மட்டும் நிற்கிறது. எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர் கிடைத்தும் பொருள் வல்லவர் கிடைக்கவில்லையே என்று வருந்திய பாண்டியன், இறையனார் களவியல் உரையிலிருந்து எழுந்து வந்து நினைவில் நிற்கிறான். (தமிழாசிரியனின் தொழிற்புத்தி, பொறுத்தருள்க.)

அப்படியானால், தற்காப்பைத் தனிப்பாடமாக வைக்கச் சொல்லும் மரபுவாதிகள் பக்கம் சேர்ந்துவிடலாமா? அதிலும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே நண்பன் மெல்லக் கழுத்தைப் பிடிக்கிறான். இவர் கையைத் திருகுகிறார். அவன் பணிவுடன் விழுகிறான். இதன் குறையை நன்கு உணர்ந்தவர் 1882இல் கோடோகானை நிறுவிய ஜிகோரோ கானோ. இடர்மிகுந்த அடிகளைக் கதா என்னும் ஒழுங்குமுறைப் பயிற்சிக்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பவனோடு உண்மையாகவே மோதும் ரந்தோரியை முதன்மையாக்கினார். முரண்டு பிடிக்கும் உடலை நாள்தோறும் அடக்கிப் பழகிய போட்டி வீரனே, நடித்துப் பழகியவனைவிடத் தெருவிலும் மேல் என்பேன்.

ஆகவே தனிப்பாடம் வேண்டா. அந்த மோதலுக்குள்ளேயே குத்து திரும்ப வேண்டும். சில பயிற்சிக்கூடங்களில் செய்வதைப் போல, வாரம் ஒருமுறையேனும் கையுறை அணிந்து, மேலிருப்பவன் மெல்லத் தட்டட்டும். ஆடை விளிம்பைப் பற்றியபடி மல்லாந்து கிடக்கும் சுகம் அந்த நொடியே போய்விடும். நெருங்கி அணைப்பதும், உதைத்து விலகி எழுந்து நிற்பதும் எதற்காக என்று உடம்பே அறிந்துகொள்ளும்.

பதக்கத்துக்காக வருபவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. யாரோ ஒருவன் அடித்தான் என்பதற்காகவே வந்து பாயில் நிற்கும் பெண்ணும் அங்கிருக்கிறாள். நீலப்பட்டை பெற அவளுக்கு ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அவள் முகத்துக்கு நேரே எவரும் ஒரு கையைக்கூட ஓங்கியதில்லை என்றால், ஆசிரியர் என்ன சொல்லி அந்தப் பட்டையைக் கட்டிவிடுவார்?