வாடகைப் படகும் வெள்ளைத் திமிங்கிலமும்



கோடை விடுமுறையில் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து பியோர்ட் பார்க்கும் ஆசை உங்களில் சிலருக்கு உண்டு. அதற்கு நோர்வே போகத் தேவையில்லை. கியூபெக்கில் சகெனே இருக்கிறது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். நீளம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர், ஆழம் சில இடங்களில் 270 மீற்றர். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஒரே மூச்சில் ஓடாதீர்கள், அம்மாமார் என்னைத்தான் ஏசுவார்கள்.

ஆனால் படகுக்குக் காசு கட்டமுன் ஒன்றைக் கேளுங்கள். அங்கே பெலுகா என்னும் வெள்ளைத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. கலங்கலான நீரில் தாயும் குட்டியும் குரலை வைத்தே ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். குட்டியின் குரல் மெல்லியது. இயந்திர இரைச்சலில் அது அமுங்கிப்போகும். அதனால்தான் பெலுகாவிலிருந்து 400 மீற்றர் விலகி நிற்கவேண்டும் என்பது சட்டம். அவை குட்டிகளோடு கூடும் சென்ற் மார்கரிட் குடாவுக்குள் ஜூன் 21 முதல் செப்ரெம்பர் 21 வரை படகுகள் நுழையவே முடியாது. எவ்வளவு விலையுயர்ந்த படகென்றாலும் வெளியேதான்!

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. ஏனென்றால் அந்தக் குடாவை நடந்து போகிறவர்கள் பார்க்கலாம். காட்டுப்பாதையில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடந்தால் கரையில் பார்வைமேடை வரும். அங்கே சத்தமில்லாமல் காத்திருங்கள். வெள்ளை முதுகுகள் மேலே வரக்கூடும்.

தண்ணீரில் போயே ஆகவேண்டும் என்பவர்களுக்கு, பியோர்ட்டின் வாயைக் கடந்து ரடுசாக்குக்குப் போகும் பாதை இருக்கிறது. நம் காரைநகர், ஊர்காவற்றுறைப் பாதையைப் போல வாகனத்தோடு ஏறலாம், கட்டணம் இல்லை. ஜூலையிலும் காற்று குளிரும், ஜாக்கெற்றை மறக்காதீர்கள்.