இங்கிலாந்துக் கழகங்களுக்கு வேலி இருக்கிறது, தீவகக் கழகங்களுக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். தீவகத்து உதைபந்தாட்டத்தில் அக்கறை உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். திட்டுவதென்றால் அதற்குப் பிறகு திட்டுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு கழகம் நடத்திய சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்குப் போனேன். அணிக்கு 9 பேர். ஒரு அணி நெடுந்தீவுப் பெடியள். நாலரைக்கு ஆட்டம் தொடங்கும்போது கயிற்றைச் சுற்றி நல்ல சனம். இடைவேளை முடிந்து பார்த்தால் பாதிச் சனத்தைக் காணவில்லை. ஐந்து மணிக்கு பிரீமியர் லீக்கில் பெரிய ஆட்டம் ஒன்று. எதிரே கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எழும்பிப் போகாதவர்களிலும் பலர் ஃபோனுக்குள் குனிந்திருந்தார்கள். நெடுந்தீவுப் பெடியன் ஒருவன் தூரத்திலிருந்து அருமையான கோல் ஒன்று அடித்தான். பத்துப் பதினைந்து பேர் கை தட்டினோம். கொஞ்ச நேரத்தில் கடைக்குள்ளிருந்து பெரிய ஆரவாரம். அங்கே யாரோ அடித்துவிட்டான்!

அந்தப் பெடியள் காலையிலேயே படகேறி வந்தவர்கள். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் கடலில் ஒரு மணித்தியாலம். ஆட்டம் முடியும்போது கடைசிப் படகு போயிருக்கும். தெரிந்தவர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது காசு கொடுத்துத் தனிப்படகு பிடிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வந்தவனுக்கு நாங்கள் கொடுத்தது எங்கள் முதுகு.

இனி பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இங்கிலாந்தில், சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த உதைபந்தாட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது. 1960களில் பேர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பொப் லோர்ட் இதற்காக மல்லுக்கட்டினார். பெரிய கழகத்தின் ஆட்டத்தை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றால், சின்னக் கழகத்தின் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து யார் வருவான் என்பதுதான் வாதம். ஸ்பெயின் லீக் ஆட்டமாக இருந்தாலும் அந்த நேரத்தில் அங்கே காட்ட முடியாது. 2020இல் கொரோனாவுக்காக மைதானங்களைப் பூட்டியபோது மட்டும் தடையைத் தற்காலிகமாக நீக்கினார்கள். வாசலில் ஆளே இல்லாதபோது வேலி எதற்கு?

அந்த வேலி எங்களுக்கு இல்லை. இங்கிலாந்துக்காரன் தன் வீட்டு டிவியில் பார்க்க முடியாத 3 மணி ஆட்டம், எங்களுக்கு இரவு 7.30க்கோ 8.30க்கோ நேரடியாக வருகிறது. 20 கழகங்கள், வருடத்துக்கு 380 ஆட்டங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தடை நேரத்தில் விழாமல் முன்னுக்குத் தள்ளி வைக்கும் பகல் 12.30 ஆட்டம் எங்களுக்கு எத்தனை மணி? மாலை 5. அவர்களுடைய குளிர்காலத்தில் 6. அங்கே சின்னக் கழகத்துக்கு வழிவிட்டு நகர்த்திய ஆட்டம், இங்கே சின்னக் கழகத்தின் தலையில் வந்து விழுகிறது.

‘சேர் சும்மா பெரிதுபடுத்துகிறார், ஊர் ஆட்டத்துக்கு டிக்கெட்டா விற்கிறோம்?’ என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் கழகத்தின் காசு எங்கிருந்து வருகிறது? சுற்றி நிற்கும் சனத்திடமிருந்து. பிளேன்ரீயும் றோல்ஸும் விற்ற காசு, சீட்டிழுப்புக் காசு, உண்டியலில் விழுந்த நூறு ரூபாய், சனம் வரும் என்று நம்பி பனர் கட்டிய கடைக்காரரின் காசு. இதில்தான் பந்து, வலை, கோடு போடும் சுண்ணாம்பு, நடுவருக்கான கொடுப்பனவு, பஸ் கூலி எல்லாம். சனம் பாதியானால் அடுத்த வருடம் கடைக்காரர் கேட்பார்: ‘யார் தம்பி பார்க்க வாறது?’ அதற்கடுத்த வருடம் சுற்றுப்போட்டியே இருக்காது. கழகம் ஒன்று இப்படித்தான் சத்தமில்லாமல் சாகும்.

‘சனம் குறைந்ததற்குக் காரணம் டிவி இல்லை, யுத்தமும் வெளிநாடும்’ என்பார்கள் சிலர். உண்மை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் நான். வெறுமையான ஊர் என்றால் என்னவென்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் யோசியுங்கள். இங்கிலாந்தில் நான்காம் நிலைக் கழகத்தையும் ஆயிரக்கணக்கானோர் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கே வேலி தேவையென்றால், இருநூறு பேர் கூடினாலே பெருநாள் என்றிருக்கும் எங்களுக்கு? மிச்சமிருக்கும் சனமும் குறைந்தால் என்ன மிஞ்சும்?

‘பெரிய ஆட்டம் பார்த்தால்தானே பெடியள் பழகுவார்கள்?’ என்றும் ஒரு வாதம். நானும் பார்க்கிறவன்தான், முஹம்மத் சலாஹ்வின் பரம ரசிகன். அதனால் சலாஹ்வையே எடுப்போம். நக்ரிக் என்ற கிராமத்திலிருந்து பல பஸ் மாறி, மணிக்கணக்காகப் பயணம் செய்து கெய்ரோவில் பயிற்சிக்குப் போனவர். டிவி பார்த்து வளர்ந்தது மட்டும் அவரை ஆளாக்கவில்லை. பஸ்ஸேறிப் போக ஒரு கழகம் இருந்தது. எங்கள் நெடுந்தீவுப் பெடியன் படகேறி வர ஒரு சுற்றுப்போட்டி வேண்டாமா?

கொழும்பு வந்து வேலி போட்டுத் தரும் என்று காத்திருக்காதீர்கள். 2021இல் பெரிய எடுப்பில் தொடங்கிய சுப்பர் லீக்கின் 10 கழகங்களில் வடக்குக் கழகம் ஒன்றுகூட இல்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா எங்கள் சம்மேளனத்தையே இடைநிறுத்தி, ஓகஸ்ட் வரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. வேலியை நாங்களேதான் கட்ட வேண்டும். என் யோசனைகள்:

1. பிரீமியர் லீக் அட்டவணை சீசன் தொடங்க முன்னரே வந்துவிடுகிறது. கழகச் செயலாளர்மாரே, அதைப் பார்த்து இறுதியாட்டத்துக்கு நாள் குறியுங்கள். ஞாயிறு காலை வையுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு அணிகளுக்குப் படகும் கிடைக்கும். ‘இரவில் மின்னொளியில் வைக்கலாமே’ என்பவர்கள் அவர்கள் எப்படி வீடு போவார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

2. கடைக்கார அண்ணாமாரே, ஊரில் இறுதியாட்டம் நடக்கும் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் டிவியை நிறுத்துங்கள். வருடத்துக்கு எத்தனை தரம் கேட்கப் போகிறோம்?

3. பெரிய ஆட்டத்தைத் திரை கட்டிக் காட்டும் கழகங்களே, உங்கள் ஊர் ஆட்டம் முடிந்த பிறகு காட்டுங்கள். அன்றைய தேநீர்க் காசு கழகத்துக்கே வரட்டும்.

4. லண்டனில் இருக்கும் உறவுகளே, அந்த வேலிக்குள் வாழ்கிறவர்கள் நீங்கள். ஆளுயரக் கிண்ணம் அனுப்பாதீர்கள். பந்தும் சப்பாத்தும், தீவுப் பெடியளுக்குப் படகுக் காசும் அனுப்புங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். ஆர்சனலின் கோல் காப்பாளர் யாரென்று முழு வகுப்பும் கத்தியது. சனிக்கிழமை இறுதியாட்டத்தில் கோல் காத்தது யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி வாங்கில் இருந்தவன் மெதுவாகக் கை உயர்த்திச் சொன்னான்: “எங்கட அண்ணா, சேர்.”

அந்த அண்ணாவுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த இறுதியாட்டத்துக்கு வாருங்கள். ஐம்பது நிமிடம்தான். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாருங்கள்.