விடை தெரியாத வினா

தொழிற்பயிற்சிக்குச் செல்வது யாது பயன் கருதி என்று நம் மாணாக்கரை வினவினால், நற்சாட்சிப் பத்திரம் ஒன்று கிட்டும் என்பதே பெரும்பாலோர் கூறும் விடையாம். 2022-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பு இப்பயிற்சியையும் பட்டப்படிப்பின் ஓர் அங்கமாக்கிய பின்னர், பயிற்சிச்சாலையின் வாயிலை மிதியாமலே பத்திரம் பெற வழி தேடுவாரும் உளர். அன்னார் இழப்பது இன்னதென்பதை என் சிறு அனுபவங்கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இரசாயன மாணாக்கனாகிய யான், சென்ற கோடையில் ஆறு வாரம், திருப்பூரைச் சார்ந்த பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் காலை முதல் மாலைவரை பணி பழகினேன். பருத்தித் துணியிற் சாயம் நன்கு பற்றுதற்பொருட்டுத் தொட்டியில் உப்பு மிகுதியாய் இடப்படுகிறது. அவ்வுப்பு துணியில் தங்காது நீரோடு வெளியேறும். நுண்ணுயிர்களைக் கொண்டு நீரின் அழுக்கை நீக்கலாமேயன்றி உப்பை நீக்க இயலாது. ஆதலின், மென்படலங்களின் வழியே நீரை அழுத்தத்தோடு செலுத்தி நன்னீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை வேறாக்குகின்றனர். இவ்வேற்பாடு செவ்வனே நடைபெறாமையால் நொய்யலாறு கெட்டது. 1992-இல் பாசனத்திற்காக அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீரின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது.

எனக்கு இட்ட வேலை எளியது. நீரை வடிகட்டி, முன்னரே நிறுத்த கிண்ணத்தில் வற்றவைத்து, 180 பாகை வெப்பத்தில் உலர்த்தி, ஆறவிட்டு, மீண்டும் நிறுத்து, கரைந்துள்ள உப்பின் அளவைப் பதிவேட்டில் எழுதவேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒருநாள், சுத்திகரித்த நீரில் உப்பு முந்திய நாட்களினும் பெரிதும் மிகுந்திருக்கக் கண்டேன். பிழை என்னுடையதே எனத் துணிந்து, முந்திய நாளின் எண்ணையொட்டி ஓர் எண்ணை எழுதிவைத்தேன். ஆய்வுக்கூடத்துப் பெரியவர் பதிவேட்டையும் கிண்ணத்தையும் மாறிமாறி நோக்கி, "தம்பி, இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றார். யான் வாய்திறவாது நின்றேன். "கண்டதை எழுது. ஐயமிருந்தால் மறுபடியும் செய்து அதையும் எழுது," என்றார். மறுபடியும் செய்தேன்; முதலிற் கண்ட அளவே வந்தது. பின்னர்த் தேடிப் பார்க்கையில், மென்படலக் குழாய் ஒன்றின் இணைப்புப் பழுதுற்றிருந்தது. என் பொய்யெண் நிலைத்திருப்பின், உவர்நீரே நன்னீரென்னும் பெயரால் பட்டறைகளுக்குத் திரும்பிச் சென்றிருக்கும்.

யான் அங்ஙனம் செய்தது ஏன்? வஞ்சக எண்ணத்தினாலன்று, பழக்கத்தினால். கலாசாலை ஆய்வுக்கூடத்தில் வினாக்கள் யாவற்றிற்கும் விடை முன்னரே உண்டு. ஆசிரியர் அதனை அறிவார். மூத்த மாணாக்கரின் குறிப்பேட்டிலும் அஃதிருக்கும். பியுரெட்டிற் கண்ட அளவை அவ்விடைக்கு இணங்கச் சிறிது வளைத்தெழுதுவது நம்முள் பலர் அறிந்த வித்தை. உலகத் தொழிலிலோ விடையை முன்னறிந்தார் ஒருவருமிலர். அறியாமையாலன்றோ நம்மைக் கேட்கின்றனர்? சிறு காரியங்களில் உண்மையாயிருத்தல் வேண்டுமென்று தேவாலயத்திற் பன்முறை கேட்டிருந்தும், அதன் பொருளை அக்கிண்ணத்தின் முன்னரே உணர்ந்தேன்.

ஆகவே, நம் கலாசாலைக்கு இரு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். செய்முறை வகுப்புகளில் விடை தெரியாத பொருள்களை, அண்டை ஊர்க் கிணற்று நீரையேனும், ஆய்வுக்குத் தருக. விடையின் நெருக்கத்திற்கன்றிப் பதிவின் நேர்மைக்கு மதிப்பெண் இடுக. இரண்டாவது, வறிய மாணாக்கர்க்கு வெளியூரில் ஆறு வாரம் தங்குதல் அரிதாகலின், தொழில் நடத்தும் பழைய மாணவர்கள் உணவும் உறையுளும் அளித்து ஆதரிக்க ஏற்பாடு செய்க.

எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் மெய்யான எண்ணெழுதி, யான் ஒப்பமிட்ட தாளோ அந்நிலையத்துப் பதிவேட்டில் இருக்கிறது. யான் கற்றதற்கு அத்தாளே சான்று.