திரும்பி வராத ஊரார்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், டைன்ஹாம் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. பள்ளத்தாக்கில் உழவும், அருகிலுள்ள வொர்பரோ விரிகுடாவில் மீன்பிடிப்புமே அவ்வூராரின் பிழைப்பு.

இரண்டாம் உலகப் போரில் படையினரின் சுடுபயிற்சிக்கு இடம் தேவைப்பட்டது. 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில நாட்களே இருக்க, ஏறத்தாழ 225 பேர் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். தேவாலயக் கதவில் ஒரு கடிதம் விடப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த இல்லங்களைப் போரின் வெற்றிக்காக விட்டுச் செல்கிறோம், ஒருநாள் திரும்புவோம், அவற்றைப் பேணிக் காத்திடுக என்பது அதன் சாரம்.

1945இல் போர் முடிந்தது. ஊராரின் நம்பிக்கை மட்டும் நிறைவேறவில்லை. 1948இல் அரசு அந்நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக் கொண்டது. பெரும்பாலோர் வாடகைக் குடிகளாதலால், அவர்கட்குக் கிடைத்த ஈடு கொல்லையில் விளைந்த காய்கறிக்கு மட்டுமே!

இன்று அங்கே கூரையிழந்த சுவர்கள் நிற்கின்றன. தேவாலயமும் பள்ளிக்கூடமும் காட்சியகங்களாக உள்ளன. சுடுபயிற்சி இல்லாத நாட்களில் மக்கள் சென்று காண்கின்றனர். பள்ளியில் சட்டை மாட்டும் கொக்கிகளின் மேல் அன்றைய பிள்ளைகளின் பெயர்களைப் படிக்கலாம்.

வாசகர்களே! பொதுநலனுக்காக ஒருவரின் மனையைக் கேட்போர், அதைத் திருப்பித் தரும் நாளையும் எழுத்தில் தர வேண்டாவா?