ஓரியூர் மண்

திருவாடானைப் பக்கம் ஓரியூருக்குப் போகிறவர்கள் ஒரு பிடி செம்மண் எடுக்காமல் திரும்புவதில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டார்; அந்த ரத்தத்தில் சிவந்த மண் என்பது வேதக்காரர்களின் நம்பிக்கை. வேதக்காரர் அல்லாதவர்களும் அதை முடிந்து கொண்டுபோய் வீட்டில் வைத்திருக்கிறார்கள். நம் இதழின் இளைய நண்பர் ஒருவர், "அது உண்மைதானா?" என்று கேட்டார்.

மணலில் இரும்பு ஏறினால் சிவக்கும். தெற்கே தூத்துக்குடித் தேரிக்காடு மைல்கணக்கில் சிவந்து கிடப்பது அதனால்தான். இதைச் சொன்னால் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள், அருளானந்தரைவிட மண்ணின் நிறத்தையே அதிகம் நம்பியிருக்கிறார்கள் போலும்.

அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்குமுன் உரோமை கேட்ட கேள்விகள் வேறு. லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ காவி கட்டி, மாமிசம் விலக்கி, பண்டாரசுவாமியாக மறவர் சீமையில் திரிந்தாரே, அது வேஷமா, இல்லை ஊரோடு ஒன்றிய வாழ்க்கையா? அவரைக் கொன்றது வேதத்துக்காகவா, அரசியலுக்காகவா? இரண்டாவது கேள்வி லேசானதல்ல. அவரால் மனம் திரும்பிய தடியத்தேவருக்குச் சேதுபதிப் பட்டத்தில் பாத்தியதை இருந்தது. அப்போது சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் கோபத்தில் அந்தக் கணக்கும் உண்டு. புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் பேசவென்றே திருச்சபை ஒருவரை நியமித்திருந்தது. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'சாத்தானின் வக்கீல்'. அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் 1853இல், புனிதர் பட்டம் 1947 ஜூன் 22இல். ஆக, சாவிலிருந்து 254 வருஷம். சந்தேகப்படுவதற்கென்றே ஆள் வைத்த சபையின் பிள்ளைகள் நாம். 'சாட்சி' என்று ஒரு வீடியோ வந்தால் முழுசாகப் பார்க்குமுன்பே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்த பெரோயா ஊராரை வேதாகமம் மெச்சுகிறது என்பது ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாததல்ல.

மண்ணைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. நோயிலிருந்து பிழைத்த தடியத்தேவர் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றபோது, மனைவியர் பலரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் அரண்மனையில் முறையிட்டாள். அருளானந்தர் கைதானது அதற்குப் பிறகு. ஸ்நாபகரைப் போலவே அவருக்கும் பெயர் யோவான், சாவும் தலைவெட்டு என்பதால் அவளை ஏரோதியாளாக்கிப் பேசுகிற பிரசங்கங்கள் உண்டு. ஏரோது பிறன் மனைவியைக் கொண்டவன். ஏரோதியாள் அந்த உறவைக் காக்கத் தலை கேட்டவள். கடலாயியோ ஊரறியத் தாலி கட்டி வந்தவள். ஒருநாள் காலையில் இனி நீ மனைவியல்ல என்று சொல்லப்பட்டவள். சொந்தக்காரரிடம் போய் அழாமல் எங்கே போவாள்? அவளுடைய முறையீடு ஒரு கொலையில் போய் முடிந்தது மெய். அதற்காக அவளை வஞ்சகி என்பது பொய். மண் சிவந்த கதையால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தப் பொய்யைச் சுமப்பவள் ஒரு பெண். முன்னூறு வருஷத்துக்கு மேலாகச் சுமக்கிறாள்.

ஓரியூருக்குப் போகிறவர்கள் மண் எடுத்து வாருங்கள், தடையில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது கடலாயிக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.